உபாலிக்கு ஒரு தீவு, எங்கள் பிள்ளைகளுக்கு?

ஒக்டோபர் வந்தால் நாடெங்கும் வாசிப்பு மாதம். பாடசாலை வாயிலில் பதாதை கட்டுவோம், காலைக் கூட்டத்தில் பேச்சு வைப்போம், கட்டுரைப் போட்டி நடத்துவோம். 'வாசிப்பின் பயன்கள்' என்ற தலைப்பில் நன்றாக எழுதுகிற பிள்ளைக்குப் பரிசும் சான்றிதழும் கிடைக்கும். அந்தப் பிள்ளை கடைசியாக முழுதாக வாசித்து முடித்த கதைப்புத்தகம் எது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் பிள்ளைக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

பிள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்தாம் ஆண்டுவரை அவள் கையில் படக்கதைகள் இருந்தன. பிறகு புலமைப்பரிசில் பரீட்சை வந்தது. கதைகள் மேசையை விட்டு இறங்கின. அடுத்துப் பாடநூல், பயிற்சிக் கொப்பி, கடந்தகால வினாத்தாள், பின்னேர வகுப்பு என்று சாதாரண தரம்வரை ஒரே ஓட்டம். நூலக அலுமாரியைத் திறந்தால் ஒரு தட்டில் சின்னப் பிள்ளைகளுக்கான நீதிக்கதைகள். இன்னொரு தட்டில் பெரியவர்களுக்கான தடித்த நாவல்கள். பதின்மூன்று வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையிலே நிற்கிற பிள்ளைக்கு இரண்டும் பொருந்துவதில்லை. ஒன்று சின்னதாகிப்போன சட்டை. மற்றது உம்மாவின் சட்டை.

அந்த நாலைந்து வருடங்கள்தான் வாழ்க்கையில் அதிகம் குழம்புகிற வருடங்கள். நேற்றுவரை ஒழுங்கையில் ஓடி விளையாடியவளை இன்று 'குமர்ப்பிள்ளை' என்கிறார்கள். வீட்டுச் சட்டங்கள் மாறுகின்றன. சிநேகிதியோடு காரணமில்லாமல் கோபம் வருகிறது. வாப்பாவோடு பழையபடி பேச முடிவதில்லை. தனக்கு மட்டும்தான் இப்படியெல்லாம் நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். 'உனக்கு மட்டுமில்லை' என்று சத்தமில்லாமல் சொல்லக்கூடியது அந்த வயதுக்கென்று எழுதப்பட்ட நல்ல நாவல். உலக மொழிகள் பலவற்றில் இளையோர் இலக்கியம் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துவிட்டது. தமிழில் அந்தத் தட்டு இன்னும் நிரம்பவில்லை.

நிரம்பாத அந்தத் தட்டில் முதலாவதாக வைக்க ஒரு புத்தகத்தைச் சொல் என்றால், எனக்குப் பிடித்த எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடொல் தூவ'வைச் சொல்வேன். 1947இல் சிங்களத்தில் வெளிவந்தது. பல உலக மொழிகளுக்குப் போயிருக்கிறது, தமிழிலும் உண்டு. 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இதைத் திரைப்படமாக்கினார். சிங்களக் குடும்பங்களில் தாத்தா வாசித்ததைப் பேரப்பிள்ளையும் வாசிக்கிற புத்தகம் இது. நம் பக்கத்தில் பெயர் கேள்விப்பட்டவர்களே குறைவு.

கதை எளிமையானது. தென்னிலங்கைக் கரையோரக் கிராமமொன்றில் உபாலி கினிவெல்ல என்றொரு பையன். தாயை இழந்தவன், வீட்டில் மாற்றாந்தாய். குறும்புக்கு அளவில்லை. அவனுக்குத் துணை, அவன் வீட்டில் வேலைக்கு நின்ற ஜின்னா. (பெயரைக் கண்டதும் நம் பிள்ளைகள் அவனை முஸ்லிம் பையன் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை, அவனும் சிங்களச் சிறுவன்தான்.) குறும்பு முற்றி, வீட்டோடு ஒட்டாமல், இருவரும் ஊரை விட்டு வெளியேறுகிறார்கள். ஒரு விவசாயியிடம் வேலை செய்கிறார்கள். பிறகு களப்பின் நடுவே, பேய் உலவுகிறதென்று ஊரார் அஞ்சி ஒதுக்கிவைத்த ஒரு தீவுக்குப் போய், காடு வெட்டி, பயிர் செய்து, தங்கள் கையால் ஒரு வாழ்வை அமைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலிருந்து துயரச் செய்தி வரும்போது உபாலி திரும்பிப் போகிறான். போகிறவன் பழைய குறும்புக்காரன் இல்லை. பொறுப்பு ஏற்கத் தெரிந்த இளைஞன்.

இதை எழுதியவர் 1890இல் கொக்கலைக்கு அருகே பிறந்தவர். ஒன்பது சகோதரிகளுக்கு ஒரே ஆண்பிள்ளை. சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுக் கொழும்புக்குப் போய், ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை பார்த்தார். பிறகு பத்திரிகையாளரானார். நாவல், விமர்சனம், பண்பாட்டு ஆராய்ச்சி என்று வாழ்நாள் முழுவதும் எழுதி, சிங்கள இலக்கியத்தின் தலையாய எழுத்தாளர் என்ற பெயரோடு 1976இல் மறைந்தார். அவருக்குப் பல்கலைக்கழகமாக இருந்தவை புத்தகங்களே. சாதாரண தரத்தில் ஒரு பாடம் தவறிவிட்டால் எல்லாம் முடிந்ததென்று அழுகிற பிள்ளைகளுக்கு இந்த வாழ்க்கையையும் சொல்லிக் கொடுக்கலாம்.

பெற்றோர் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். 'வீட்டை விட்டு ஓடுகிற கதையை வாசித்தால் பிள்ளை கெட்டுப்போகாதா?' நியாயமான கேள்வி. கோபப்படாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

முதலாவது, கதையை முழுதாகப் பார்க்க வேண்டும். வீட்டை விட்டுப் போனவர்களுக்கு அங்கே விருந்து காத்திருக்கவில்லை. மண்வெட்டியும் வியர்வையும்தான் காத்திருந்தன. வீட்டில் எசமான் மகனாகவும் வேலைக்காரப் பையனாகவும் இருந்த இருவர், தீவில் ஒரே பானையில் பொங்கித் தின்கிற தோழர்களாகிறார்கள். சோம்பலை யாரும் திட்டித் திருத்தவில்லை, பசி திருத்தியது. புத்திமதி சொல்லாமலே புத்தி வருகிற கதை இது. நாம் நூறு தடவை சொல்லியும் ஏறாதது இங்கே ஏறிவிடுகிறது. காரணம், உபாலி என்ன செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்வதில்லை. வாசிக்கிற பிள்ளையே யோசித்துக்கொள்கிறாள்.

இரண்டாவது, பிள்ளையை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியுலகத்தைக் காட்ட இதைவிடப் பத்திரமான வழி எது? வாசிக்கிற பிள்ளை பாயில் சுவரோடு சாய்ந்து இருக்கிறாள். மனம் மட்டும் களப்பைத் தாண்டிப் போய்வருகிறது. அவள் கையில் நாம் தயங்காமல் கொடுத்துவிடுகிற போனில் எந்த வாசல் எங்கே திறக்கும் என்பது நமக்கே தெரியாது. புத்தகத்துக்கு முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் உண்டு. விரும்பினால் உம்மாவும் அதை வாசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவது, இளம் பிள்ளை வீட்டைப் பிரிந்து அந்நிய மண்ணில் ஆளாகிற கதை நமக்குப் புதியதா? சகோதரர்களால் கிணற்றில் தள்ளப்பட்டு, வேற்று நாட்டில் வளர்ந்து, சோதனைகளில் நேர்மை தவறாமல் நின்று, கடைசியில் தகப்பனோடு சேர்ந்த யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாற்றைத் திருக்குர்ஆன் ஓர் அத்தியாயம் நெடுகத் தொடர்ச்சியாகச் சொல்கிறது. அதை வாசித்த எந்தப் பிள்ளையும் கிணற்றைத் தேடிப் போனதில்லை. துன்பம் வந்தால் எப்படி நிற்பது என்றுதான் கற்றுக்கொண்டது.

ஆனாலும் இந்த நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு. ஒன்பது சகோதரிகளோடு வளர்ந்தவர் எழுதிய கதையில், தோணியேறித் தீவுக்குப் போவது இரண்டு பையன்கள். நம் பிள்ளைகள் அதை விருப்பத்தோடு வாசிப்பார்கள், உபாலியோடு சிரிப்பார்கள். ஆனால் எங்கோ ஓரிடத்தில், 'நானென்றால் இப்படிப் போக முடியுமா?' என்ற கேள்வி அவர்களைத் தடுத்து நிறுத்தும்.

நம் மொழியே அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறது. 'உபாலி ஓடிப்போனான்' என்றால் குறும்பு. அதே வினையைப் பெண்பாலில் சொல்லிப் பாருங்கள். 'ஓடிப்போனாள்' என்ற சொல்லுக்கு ஊரில் ஒரேயொரு பொருள்தான் உண்டு. அதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஆண்பிள்ளை தவறலாம், அலையலாம், திருந்தித் திரும்பி வரலாம். அவனுக்கு அது 'அனுபவம்'. பெண்பிள்ளைக்கு அந்தச் சொல்லையே நாம் ஒதுக்கி வைக்கவில்லை. பெண்பிள்ளைகள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்பது என் வாதமில்லை. வளர்வதென்றால் தடுமாறித்தான் வளர முடியும். தடுமாறி எழும்புகிற ஒருத்தியைக் கதையிலாவது அவர்கள் காண வேண்டும் என்பதே வாதம்.

அப்படியொருத்தியைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. கொக்கலை வழியாகவே நம் ஊருக்கு வரலாம்.

விக்கிரமசிங்கவின் கொக்கலைக்கு ஒரு சோகம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், கொக்கலைக் களப்பில் பிரித்தானியர் கடல்விமானத் தளம் அமைத்தார்கள். அதற்காக அங்கிருந்த குடிகளை அவசரமாக வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகளையும் தோட்டங்களையும் விட்டு மக்கள் போனார்கள். ஆசிரியர் பிறந்த வீடு தப்பியது. இன்று அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அந்த வெளியேற்றம் நடந்து ஐந்து வருடங்களில் வந்த நாவல் 'மடொல் தூவ'. ஊர் கலைந்தபோதும், அந்தக் கரையின் களப்பும் கண்டல் மரமும் பையன்களின் கூச்சலும் ஒரு புத்தகத்துக்குள் அழியாமல் இருக்கின்றன.

வீட்டை விட்டுப் போகச் சொல்வதென்றால் என்ன என்பது நமக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாவின் பகுதிகள் என்று சுமார் 75,000 பேர் உடுத்த உடுப்போடும் கைக்கு அகப்பட்டதோடும் புறப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள். வாசிப்பு மாதம் வருகிற அதே ஒக்டோபர்தான் அது.

அன்று பதினான்கு வயதாக இருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். முல்லைத்தீவிலும் தண்ணீரூற்றிலும் முள்ளியவளையிலும் பாடசாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஒரு நாளில் அகதிகளானார்கள். தெரியாத ஊரில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். இடம்பெயர்ந்தோர் பாடசாலையில் மண்ணில் இருந்து படித்தார்கள். சிலர் படிப்பை விட்டார்கள். சிலர் உப்பளத்துக்கும் தோட்டத்துக்கும் கூலிக்குப் போன உம்மாமாருக்குப் பதிலாகத் தம்பி தங்கச்சிகளை வளர்த்தார்கள். 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது வளவு எது, வழி எது என்று தெரியாதபடி காடு மூடிக் கிடந்தது. தம் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பற்றை வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், தகரக் கொட்டில் போட்டார்கள்.

உபாலியும் ஜின்னாவும் செய்ததும் இதைத்தானே! ஒரே ஒரு வித்தியாசம்: அவர்கள் தாமாகப் போனார்கள், இவர்கள் போகச் சொல்லப்பட்டார்கள். மற்றபடி காடு வெட்டிய கைகளும் ஒன்று, முதல் பயிரைக் கண்டு நிறைந்த கண்களும் ஒன்று. மாணவியரே, உங்கள் வீட்டு அடுப்படியில் நிற்கிற உம்மாவோ மாமியோ ஒரு 'மடொல் தூவ'வை வாழ்ந்து முடித்தவராக இருக்கலாம். இடப்பெயர்வைப் பற்றிக் கவிதைகள் வந்திருக்கின்றன. கட்டுரைகளும் அறிக்கைகளும் வந்திருக்கின்றன. பதினான்கு வயதுப் பிள்ளையொருத்தி முன்னால் நின்று நடத்திப் போகிற, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்ட ஒரு நாவலை நம் மாணவியர் எவர் கையிலும் நான் கண்டதில்லை.

அப்படியொரு நாவலுக்கு நம் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் காத்திருக்கிறாள். 2009இல் வன்னியின் தமிழ்ப் பிள்ளைகள் எறிகணைகளுக்கு நடுவே ஓடி, செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமின் கம்பி வேலிக்குள் நாட்களை எண்ணினார்கள். அவர்களுக்கும் நமக்கும் இடையில் பேசப்படாத கதைகள் பல உண்டு. ஒரே சந்தையில் மரக்கறி வாங்குகிறோம், ஒரே பஸ்ஸில் போகிறோம். ஒருவர் பட்டதை மற்றவர் அரைகுறையாகத்தான் அறிவோம். கூட்டம் போட்டுப் பேசினால் யார் கூடப் பட்டார்கள் என்ற கணக்கு வந்துவிடுகிறது. கதையில் கணக்கு இல்லை. தென்னிலங்கைச் சிங்களப் பையனின் துயரத்துக்கு வன்னியில் ஒரு முஸ்லிம் பிள்ளையின் கண் கலங்குமென்றால், பக்கத்து வளவுப் பிள்ளையின் துயரத்துக்கு ஏன் கலங்காது?

நாவல் நமக்குச் சொந்தமில்லாத பொருள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. எழுதியவர் அறிஞர் சித்தி லெப்பை. முஸ்லிம் பெண்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே பாடுபட்டவரும் அவர்தான். குழந்தைப் பருவத்தில் பெற்றோரிடமிருந்து களவாடப்பட்டு, அந்நிய நாட்டில் வளர்ந்து, கல்வியைத் தேடிப் போகிற ஒரு பையனின் கதை அது. இன்றைய கணக்கில் அதுவும் இளையோர் நாவல்தான். 1938இல் நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்ற இளம் பெண் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். மீதியை வீட்டிலிருந்து வாசித்தே கற்றவர். தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் அந்த நூலைப் பாராட்டினார். விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' நாவலை 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்குத் தந்தவரும் நம்மவர், பேராசிரியர் எம். எம். உவைஸ். எழுதுவதும் வாசிப்பதும் மொழி கடந்து கொண்டுவருவதும் நம் முன்னோர் செய்த வேலை. நாம்தான் இடையில் விட்டுவிட்டோம்.

விட்டதைத் தொடங்க அதிகம் செலவாகாது. பாடசாலை நூலகத்தில் ஒரேயொரு தட்டை 'பதின்மூன்று முதல் பதினேழு' என்று ஒதுக்குவோம். அதிலிருந்து எடுத்த புத்தகத்துக்குச் சுருக்கம் எழுது, கருத்தை எழுது என்று பிள்ளையை வாட்டாமல் இருப்போம். புள்ளி போட்டால் அதுவும் பாடமாகிவிடும். பெற்றோர் வாரத்தில் ஒரு பின்னேரத்தைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கட்டும்: வகுப்பும் இல்லை, போனும் இல்லை, ஒரு கதைப்புத்தகம் மட்டும். அதே புத்தகத்தை உம்மாவும் வாசித்தால் இன்னும் நல்லது. நேரடியாகக் கேட்க வெட்கப்படுகிற விடயங்களை, 'உபாலி செய்தது சரியா உம்மா?' என்று பிள்ளை கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்குள் அவளுடைய கேள்வி ஒளிந்திருக்கும்.

மாணவியருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்துக்கொண்டு உம்மாவிடமோ உம்மம்மாவிடமோ போய் இருங்கள். பெரிய கேள்விகள் வேண்டாம். 'வீட்டை விட்டு வந்த அன்று நீங்கள் என்ன உடுத்தியிருந்தீர்கள்? உங்கள் பள்ளிக்கூடப் புத்தகங்கள் என்னவாயின? முகாமில் உங்கள் முதல் சிநேகிதி யார்? திரும்பி வந்தபோது வளவில் எந்த மரம் மிஞ்சியிருந்தது?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய பேச்சிலேயே எழுதுங்கள். மேடைத் தமிழாக்க வேண்டாம். 1990இல் பதினான்கு வயதாக இருந்தவர்களுக்கு நரை விழுந்துவிட்டது. அன்று உம்மாக்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு கதை மண்ணுக்குள் போகிறது.

அந்தக் கொப்பிகளில் எல்லாம் நாவலாகிவிடாது. நூறில் ஒன்று ஆனாலும் போதும். களப்பின் நடுவே உபாலிக்கு ஒரு தீவு கிடைத்தது, அவனைப் பெற்ற கரையில் ஒருவர் இருந்து எழுதியதால். நம் காடும் குளமும் காத்துக் கிடக்கின்றன. எழுதப்போகிறவள் இந்த இதழைக் கையில் வைத்திருக்கிற உங்களில் ஒருத்தியாக ஏன் இருக்கக்கூடாது?